கிளப்பில் ஆடி மறைந்தவர்களுக்குப் பெயர்ப்பலகை, நினைவு ஆட்டம்: எப்படிச் செய்வது?

பாளை_ஆஃப்ஸ்பின்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் கிரிக்கெட் கிளப்புக்கு அடுத்த ஜனவரியோடு 50 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் கூட ஆடி, இப்போது நம்மோடு இல்லாதவர்களின் பெயரை நிரந்தரமாக ஓரிடத்தில் பதிய வேண்டும், அவர்கள் நினைவாக வருஷம் ஒரு ஆட்டமும் நடத்த வேண்டும் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது.

கையில் இருப்பது ஸ்கோர் நோட்டு 11, குரூப் போட்டோ 6, பழைய சந்தா ரிஜிஸ்டர் ஒன்று. ஞாபகத்தில் இருந்து எழுதியதில் 23 பேர் வந்திருக்கிறார்கள். அதில் 4 பேர் எந்த வருஷம் தவறினார்கள் என்று தெரியவில்லை. ஒருவர் தவறிவிட்டாரா, வெளியூரில் இருக்கிறாரா என்பதிலேயே இரண்டு பேச்சு இருக்கிறது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் மூன்றும் உண்டு. நாங்கள் ஆடும் மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துடையது.

பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது? பலகை கிரானைட்டா, மரமா, எவர்சில்வரா? ஆட்டத்தை எந்த மாசம் வைப்பது? செய்து பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_ஸ்கோர்நோட்டு:

கல்லைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல பட்டியல். வெட்டின பிறகு திருத்த முடியாதது அது ஒண்ணுதான்.

யாரைச் சேர்க்கிறதுன்னு ஒரே வரியில எழுதி, கமிட்டி மினிட் புக்கில் தீர்மானமாப் போட்டுருங்க. "கிளப்புக்காக ஒரு ஆட்டமாவது ஆடியவர், அல்லது ஒரு வருஷமாவது சந்தா கட்டியவர், அல்லது கிளப் வேலை பார்த்தவர்" என்கிற அளவு போதும். அந்த மூணாவது பகுதி ரொம்ப முக்கியம். ஆடுகளத்தில மேட் விரிச்சு ஆணி அடிச்சவர், ஸ்கோர் எழுதினவர், ஞாயித்துக்கிழமைதோறும் அம்பயரா நின்னவர், இவங்க பேரெல்லாம் பேட்டிங் வரிசையில இருக்காது. நோட்டை வச்சு மட்டும் பட்டியல் போட்டா முதல்ல விடுபடுறது அவங்கதான். ரன், விக்கெட் கணக்குப் பார்த்து யாரையும் தள்ளவும் வேண்டாம், மேல ஏத்தவும் வேண்டாம்.

அடுத்தது, ஒருத்தருக்கு ஒரு தாள். முழுப்பேர், இனிஷியல், மைதானத்தில கூப்பிட்ட பேர், ஆடின வருஷங்கள், தவறின வருஷம், இதையெல்லாம் சொன்னது யார், என்னைக்குச் சொன்னாங்க. கடைசி ரெண்டும் இல்லாம எந்தத் தாளும் முழுசாகாது. ஒரு பேர் கல்லுக்குப் போகணும்னா ரெண்டு பேர் சொல்லியிருக்கணும், அதில ஒருத்தர் குடும்பத்து ஆளா இருக்கணும். நீங்க சொன்ன அந்தச் சந்தேகப் பேர் இந்த விதிப்படி வெளியதான் நிக்கும். தெரிஞ்ச பிறகு சேர்த்துக்கலாம். உயிரோட இருக்கிறவர் பேரைப் பலகையில போட்டுட்டா, அதை மன்னிக்கச் சொல்லி யார்கிட்டயும் கேக்க முடியாது. இந்தத் தப்பு பெரும்பாலும் ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கிறதால வரும். பழைய நோட்டில வெறும் "மணி", "ராஜா"ன்னுதான் எழுதியிருக்கும். எந்த இடத்தில பேட் பண்ணினார், பந்து போட்டாரா, கீப்பரா, அதே ஆட்டத்தில இன்னொரு மணி இருந்தாரா, இப்படி நாலஞ்சு ஆட்டத்தைச் சேர்த்து வச்சுப் பார்த்தா ஆள் பிரிஞ்சு வருவாங்க. அதுக்கப்புறம் குரூப் போட்டோவில ஒத்துப் பாருங்க.

போட்டோவைப் பெரியவங்ககிட்ட ஒரே கூட்டத்தில காட்டாதீங்க. முதல்ல ஒருத்தர் சத்தமா ஒரு பேர் சொல்லிட்டா மத்தவங்க எல்லாரும் அதையே சொல்லுவாங்க. தனித்தனியா காட்டி எழுதி வாங்கி, கடைசியில ஒப்பிடுங்க. போட்டோ பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால எழுத வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெத்துப் பென்சிலால லேசா எழுதணும்.

வருஷம் தெரியாத 4 பேருக்கு என்ன செய்யலாம்னா:

வீட்டில பெரும்பாலும் திதிதான் ஞாபகம் இருக்கும். "ஆடி மாசம், அமாவாசைக்கு முந்தின நாள்"னு சொல்லுவாங்க, வருஷம் நழுவிரும். மூத்த பேரன் பிறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா, 1992 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னாடியா, அப்படிக் கேளுங்க, வருஷம் தானா வந்துரும். இறப்புச் சான்றிதழ் இருந்தா அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, நகல் கேக்க வேண்டியதில்லை. சான்றிதழ் தொலைஞ்சுபோய் குடும்பத்தாரே தேடினா ஒண்ணு சொல்லுங்க: இறப்பு எங்க நடந்ததோ அங்கதான் பதிவு இருக்கும், சொந்த ஊர்ல இல்ல. முக்கூடல்காரர் பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில தவறியிருந்தா பதிவு பாளையில. 1994-ல திருநெல்வேலி மாநகராட்சி வர்றதுக்கு முன்னாடி பாளையும் மேலப்பாளையமும் தனித்தனி நகராட்சி. தென்காசிப் பக்கம் 2019 நவம்பரில இருந்து தனி மாவட்டம், தூத்துக்குடி 1986-ல பிரிஞ்சது. எந்த அலுவலகத்தில கேக்கணும்கிறது இதை வச்சு மாறும்.

கிறிஸ்தவக் குடும்பம்னா கல்லறைக் கல்லிலயே தேதி இருக்கும், கோயில் அடக்கப் பதிவேடும் இருக்கும். முஸ்லிம் குடும்பம்னா ஜமாத்தில விசாரிங்க. பேப்பர்ல வந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தை ஆதாரமா எடுக்கிறவங்க கவனமா இருக்கணும். பேப்பர் தேதி தவறின தேதி இல்ல. அது பதினாறாம் நாளா இருக்கலாம், மூணாம் வருஷ நினைவா இருக்கலாம். உள்ள அச்சடிச்சிருக்கிற தேதியைப் பாருங்க.

தவறின காரணத்தை எந்தத் தாளிலயும் எழுத வேண்டாம். கேக்கவும் வேண்டாம்.

கல்லெழுத்து_பேட்டை:

பலகை பத்தி மட்டும் சொல்றேன்.

மரப்பலகையில தங்க எழுத்து பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா பள்ளிக்கூடச் சுவரில மாட்டினா கறையான் வரும், மழைக்காலத்தில சட்டம் உப்பும். உள்ளறை இருந்தா மட்டும் மரம். பித்தளைத் தகடு வெளியில வேண்டவே வேண்டாம், எடைக்குப் போட்டுருவாங்க. திறந்த மைதானத்துக்கு கருப்புக் கிரானைட்தான் நிக்கும்.

அளவு: அகலம் 4 அடி, உயரம் 3 அடி, கனம் 20 மி.மீ. மேல தலைப்புக்கு 8 அங்குலம், கீழ 4 அங்குலம் ஓரம். நடுவில 24 அங்குலம் கிடைக்கும். முக்கால் அங்குல எழுத்து, வரிக்கு வரி ஒன்றரை அங்குலம். ஒரு பத்தியில 16 பேர், ரெண்டு பத்தியில 32 பேர். 23 பேர் போக 9 இடம் மிச்சம். அழகுக்காகப் பேர்களைப் பரப்பி இந்தக் காலி இடத்தை நிரப்பச் சொல்லுவாங்க, சம்மதிக்காதீங்க. கல்லை நிமித்தி 3 அடி அகலம் 4 அடி உயரமா வைக்கலாமேன்னு தோணும். நம்ம பேர்கள் நீளம். முத்துக்குமாரசாமின்னு இனிஷியலோட வெட்டி பக்கத்தில வருஷமும் போட்டா 16 அங்குலப் பத்தியில அடங்காது. ஒரு பேரை மட்டும் சின்ன எழுத்தில வெட்டுற நிலை வரக்கூடாது.

ஆங்கிலத்துக்கு விடுற வரி இடைவெளி தமிழுக்குப் பத்தாது. மேல புள்ளியும் விசிறியும், கீழ சுழியும் இருக்கு. நெருக்கி வெட்டினா மேல் வரியோட "மு"வும் கீழ் வரிப் புள்ளியும் முட்டிக்கும்.

லேசர்ல வெட்டினா மேலாப்புல சாம்பல் நிறத்தில இருக்கும், ஆழம் கிடையாது. மணல் பாய்ச்சி வெட்டச் சொல்லுங்க, ஒன்றரை முதல் 2 மி.மீ. ஆழம் இருக்கணும். அப்பத்தான் தங்கக் கலர் பெயிண்ட் மங்கினாலும் எழுத்தைப் படிக்கலாம், மறுபடியும் நிரப்பலாம். மேற்குப் பார்த்த சுவர்னா பெயிண்ட் சீக்கிரம் வெளுக்கும், வடக்குப் பார்த்த சுவர் நல்லது.

இனி எல்லாரும் சிக்கிக்கிற இடம். நீங்க வாட்ஸ்அப்பில யூனிகோடில அனுப்புவீங்க. பட்டறையில கோரல் டிராங்கிற பழைய வரைகலை மென்பொருளும், யூனிகோடில சேராத பாமினி எழுத்துருவும் இருக்கும். ஒட்டினா கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், சிலதில புள்ளியே இருக்காது. பையன் கண்ணால பார்த்துத் திருத்துவான், அங்கதான் "ன"வுக்கு "ண" விழும். புள்ளி ரொம்பச் சின்னதா இருந்தா ஸ்டென்சில் ஒட்டும்போதே அடைச்சுக்கும், "ர்" போய் "ர" ஆயிரும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடி நிஜ அளவுல பேப்பர்ல பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க. அதைச் சுவரில ஒட்டி 23 குடும்பத்துக்கும் காட்டி, அவங்கவங்க பேர் பக்கத்தில கையெழுத்து வாங்குங்க. ஃபோன்ல காட்டி "ஓகேவா" கேட்டா எல்லாரும் ஓகேன்னுதான் சொல்லுவாங்க.

இந்த அளவுக் கல் சுமார் 65 கிலோ. பசை மட்டும் போட்டு ஒட்டுறது ஆபத்து, கீழ பிள்ளைகள் விளையாடுற இடம். பழைய கட்டடத்தில சுண்ணாம்புக் காரை உதிரும். கல் வர்ற இடத்தில காரையைச் செங்கல் தெரியிற வரைக்கும் கொத்திட்டு, கீழ ரெண்டு, மேல ரெண்டு எவர்சில்வர் கிளாம்ப் கொடுத்து, போல்ட்டு செங்கலுக்குள்ள 3 அங்குலமாவது போகணும். கல்லோட அடி தரையிலிருந்து மூன்றரை அடியில இருந்தா மேல் வரியும் படிக்கிற உயரத்தில இருக்கும். மழைத்தண்ணிக் குழாய் பக்கத்தில வேண்டாம், உப்புப் படியும். மாலை போட இரும்பு ஆணி அடிச்சா துரு வழியும், அதுக்கும் எவர்சில்வர் கொக்கி. கல்லுக்குக் கீழ எண்ணெய் விளக்கு வைக்காதீங்க, கிரானைட்டும் எண்ணெய் குடிக்கும், அந்தக் கறை போகாது. ஆசிட் போட்டுக் கழுவவே கூடாது.

பேர்களை எந்த வரிசையில போடுறதுன்னு கேப்பாங்க. தவறின வருஷ வரிசைதான் சரி. அகர வரிசையில போட்டா அடுத்த பேருக்கு இடம் கிடையாது.

பாளை_ஆஃப்ஸ்பின்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார்கள், அது போதுமா? ஆட்டத்துக்கு ஆடி அமாவாசையை ஒட்டி ஒரு ஞாயிறு என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரிதானா?

மேட்டிங்_விக்கெட்:

வாய்மொழி போதாது. நிர்வாகம் மாறினால் வெள்ளையடிக்கும்போது கல்லைக் கழற்றி வைத்துவிடுவார்கள். எந்தச் சுவர், என்ன அளவு, பராமரிப்பு கிளப் பொறுப்பு, கட்டடம் இடித்தால் கல்லைக் கிளப்பிடம் திருப்பித் தர வேண்டும் என்பது வரை எழுதிக் கடிதம் கொடுத்து, தாளாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மாநகராட்சி மைதானமோ அரசு ஸ்டேடியமோ என்றால் இது இன்னும் கட்டாயம்.

ஆடி அமாவாசையை ஒட்டி வேண்டாம். முன்னோர்களை நினைக்கும் நாள் என்ற வகையில் பொருத்தம்தான், ஆனால் பாதிப் பேர் பாபநாசத்திலும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலிலும் இருப்பார்கள். தவிர ஆனி, ஆடிக் காற்று. ஸ்டம்ப் மேல் வைக்கும் பெயில்ஸ் நிற்காது. அம்பயர்கள் ஒத்துக்கொண்டால் பெயில்ஸ் இல்லாமல் ஆட விதி இடம் தருகிறது, ஆனால் மேட்டின் ஓரம் தூக்கிக்கொண்டு பந்து எகிறும். மைக்கில் படிக்கும் பெயரும் காற்றில் போய்விடும். பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில் ஊரே சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை. ஏப்ரல், மே வெயில் எழுபது வயதுக்காரர்களை உட்கார வைக்கும் வெயில் இல்லை.

பொங்கல் முடிந்த முதல் சனி அல்லது ஞாயிறு வையுங்கள். சென்னை, பெங்களூர், வளைகுடாவில் இருப்பவர்கள் ஊரில் இருப்பார்கள். மழை ஓய்ந்து தரை இறுகியிருக்கும். காலையில் பனி ஈரம் இருப்பதால் 8 மணிக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள், மேட் வழுக்கும். 20 ஓவர், மதியச் சாப்பாட்டோடு முடியட்டும்.

தவறி ஒரு வருஷம் ஆகாத வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் அழைப்பிதழ் கொடுக்க வேண்டும். தலைத்திவசம் முடியும் வரை பொது நிகழ்ச்சிக்கு வராத குடும்பங்கள் உண்டு. அவர்கள் வராததைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

மைதானத்தில் குத்துவிளக்கு, பத்தி, ஜெபம், துஆ என்று எதுவும் வைக்காமல் பூவும் மௌனமும் மட்டும் வைத்துக்கொண்டால் மூன்று சமயத்தாரும் ஒரே வரிசையில் நிற்கலாம். அவரவர் சடங்கு அவரவர் வீட்டில். பலகையிலும் அப்படித்தான்: "அமரர்", "மர்ஹூம்", "காலஞ்சென்ற" எதுவும் வேண்டாம். பெயரும் வருஷமும் போதும்.

நடைமுறை இப்படி வைக்கலாம். டாஸ் முடிந்து, பேட்ஸ்மேன்கள் பேட் கட்டும் முன்னால், இரண்டு அணியும் பெவிலியனைப் பார்த்து ஒரே வரிசை. அம்பயர்கள் நடுவில். குடும்பத்தார் எதிரே நாற்காலியில், நிழலில். ஒருவர் மட்டும் பலகை வரிசையிலேயே பெயர் படிக்க வேண்டும், பெயருக்குப் பெயர் மூச்சு விட்டு. 23 பெயருக்கு ஒன்றரை நிமிஷம் ஆகும். படித்து முடித்த பிறகு மௌனம். இது மாறிப்போனால் மௌனம் எப்போது முடிந்தது என்றே தெரியாமல் யாராவது கைதட்டிவிடுவார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அம்பயர் கையைத் தூக்கட்டும். கடிகாரம் பார்த்து முழு 60 விநாடி. 25 விநாடியிலேயே முடித்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது, அது வந்திருப்பவர்களுக்குத் தெரியும். மைக் செட்டுக்குக் காவல் நிலைய அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். பெயர்களை ஒரு தடவை குடும்பத்தாரிடம் சொல்லிக் காட்டி உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்புப் பட்டைக்கு 2 அங்குல அகலக் கருப்பு எலாஸ்டிக், ஆளுக்கு சுமார் 30 செ.மீ., தைத்து வளையமாக்கிவிடலாம். ரிப்பனும் ஊக்கும் வேண்டாம், டைவ் அடிக்கும்போது ஊக்கு குத்தும். இடது கை, முழங்கைக்கு மேல், சட்டைக்கு வெளியே. இப்போது எல்லாக் கிளப்பும் கருநீல, கருப்பு ஜெர்சிதான் போடுகிறது, அதில் பட்டை தெரியவே தெரியாது. அன்று ஒரு நாள் வெள்ளைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

வரவு_செலவு:

கோப்பைக்குப் பெயர் வைப்பதில் ஒரு வார்த்தை. 23 பேர் இருக்கும்போது ஒருவர் பெயரில் கோப்பை வைத்தால், மற்ற 22 வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பொதுவாக "நினைவுக் கோப்பை" என்று வைத்து, பலகைப் பெயர்களைக் கோப்பையின் மரப் பீடத்தில் சுற்றிலும் பொறியுங்கள். கோப்பை எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, தொடர்ந்து ஆடினால்தான் அந்தப் பெயர் நிற்கும். 1933-ல் மறைந்த ரஞ்சித்சிங்ஜியை, 1934-ல் தொடங்கிய ரஞ்சி கோப்பைப் போட்டியால்தான் இன்றைக்குப் பள்ளிப் பையனுக்கும் தெரிகிறது. சென்னைக் கிரிக்கெட்டை வளர்த்து 1908-ல் மறைந்த புச்சிபாபு நாயுடுவின் பெயர் சென்னையில் இன்னும் ஒலிப்பதற்கும் அவர் பெயரில் நடக்கும் போட்டிதான் காரணம். அதுவும் சில வருஷம் நின்று, 2023-ல் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதை நடத்தும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கே அப்படி என்றால், சின்ன கிளப் முதல் வருஷமே பணத்துக்கு வழி செய்துவிட வேண்டும்.

வருஷா வருஷம் வசூல் என்று வைத்தால் நாலாவது வருஷம் நின்றுபோகும். மொத்தமாக ஒரு தடவை திரட்டி வைப்புநிதியில் போடுங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆறரை சதவீத வட்டி என்றால் வருஷம் 6,500. பந்து, அம்பயர் படி, பூ, பெயர் பொறிக்கும் கூலி இதற்குள் முடியும். சாப்பாட்டை மட்டும் அந்தந்த வருஷம் ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மறைந்தவர்களின் வீட்டில் நன்கொடை கேட்காதீர்கள். அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், தொகையை மைக்கில் சொல்லக் கூடாது.

பணம் ஒரு தனிநபர் கணக்கில் இருந்தால், அவர் காலமானால் கிளப் பணம் அவர் வாரிசுகளிடம் மாட்டிக்கொள்ளும். கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். 1975-ம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் போதும். மூன்று பேர் பெயர் கொடுத்து, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் செல்லும்படி வங்கிக் கணக்கு. பதிவு செய்த பிறகு வருஷாந்தரக் கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பாமல் விட்டால் பின்னால் சிக்கலாகும்.

பழைய_ஸ்கோர்நோட்டு:

நினைவு மலர் போடுற எண்ணம் இருந்தா ஸ்கோர் கணக்கைப் பத்தி ஒரு எச்சரிக்கை. 50 வருஷத்துக்கு 11 நோட்டுன்னா நிறைய ஆட்டம் காணோம்னு அர்த்தம். அதனால "மொத்தம் 2,140 ரன்"னு யாருக்கும் எழுதாதீங்க. "கிடைத்த நோட்டுகளின்படி"ன்னு முன்னாடி சேர்த்தே எழுதணும்.

பழைய பக்கங்களைக் கூட்டிப் பார்க்கும்போது பவுலிங் கணக்கு இடிக்கும். எழுதினவர் தப்புன்னு திருத்திராதீங்க. 1980-களின் நடுப்பகுதி வரைக்கும் வைடும் நோபாலும் பவுலர் தலையில ஏறாது, எக்ஸ்ட்ராவில, அதாவது உதிரி ரன் கணக்கில மட்டும்தான் இருக்கும். அந்தக் காலத்து நோட்டுக்கு பவுலர்கள் கொடுத்த ரன்னோட எல்லா எக்ஸ்ட்ராவையும் சேர்த்தா மொத்தம் வரணும். பிந்தின நோட்டுக்கு பேட்டில படாம ஓடின பை, லெக்பை ரன் மட்டும் சேர்த்தா வரணும்.

நோட்டுகளை இன்னைக்கே படம் எடுத்துருங்க. ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம், பென்சில் எழுத்து பளபளத்து மறைஞ்சிரும். தையலை முழுசா விரிச்சு அழுத்தாதீங்க. ராமபாணப் பூச்சி தின்ன பக்கத்துக்கு அடியில ஒரு வெள்ளைத் தாள் வச்சு எடுத்தா ஓட்டை வழியா அடுத்த பக்க எழுத்து தெரியாது. மூணு பேர்கிட்ட நகல் இருக்கட்டும், ஒரு நகல் வெளியூர்ல. மூலத்தை மாடியில வைங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு சொல்லவே வேண்டாம்.

பாளை_ஆஃப்ஸ்பின்:

இன்னும் ஒன்றே ஒன்று. ஒருவருக்கு நோட்டில் "எஸ்." என்று இருக்கிறது, வீட்டு அழைப்பிதழில் "சு." என்று போட்டிருக்கிறார்கள். இன்னொருவரை மைதானத்தில் பட்டப்பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். கல்லில் எதை வெட்டுவது?

பழைய_ஸ்கோர்நோட்டு:

அவர் கையெழுத்து எப்படிப் போட்டாரோ அப்படி. சந்தா ரிஜிஸ்டர்ல அவர் கையெழுத்து இருக்கும், பாருங்க. இங்கிலீஷ்ல போட்டிருந்தா "எஸ்.", தமிழ்ல போட்டிருந்தா அவர் எழுதின எழுத்து. ரெண்டும் கிடைக்கலைன்னா மனைவி, மக்கள் சொல்றதுதான் முடிவு. பட்டப்பேர் கல்லில வேண்டாம், அந்தாளோட தாள்ல கட்டாயம் இருக்கணும், மலர்லயும் போடலாம். வீட்டில அந்தப் பேரைச் சொல்லிக் காட்டி, முகத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. உறவு வழியில வந்த பேர்னா சந்தோஷமாச் சரிம்பாங்க. நிறத்தையோ உடம்பையோ வச்சு வந்த பேர்னா மலர்லயும் விட்டுருங்க.

ரிஜிஸ்டரைப் பிரிக்கும்போது மெதுவா. அந்தக் காலத்துப் பேனா மை ஈரக்கை பட்டாலே கலையும்.